அத்தியாயம் 9: காணாமல் போன ஜிபிகள்

நேற்றுவரை 11 ஜிபி காலி என்று காட்டிய டேப், இன்று காலை 4 ஜிபிதான் என்கிறது. புதிதாக எதையும் இறக்கவில்லை, படம் எடுக்கவில்லை. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் அதற்குள் பாதி வைத்தியத்தைத் தாங்களே பார்த்து முடித்திருப்பார்கள். நாலு ஆப்பை நீக்கியிருப்பார்கள், குழந்தையின் பிறந்தநாள் வீடியோவை மனசில்லாமல் அழித்திருப்பார்கள், பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் பட்ட ‘கிளீனர்’ ஒன்றையும் நிறுவியிருப்பார்கள். மறுநாள் அதே எச்சரிக்கை மறுபடி வந்து நிற்கும்.

அழிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். இடம் ஆவியாகிப் போவதில்லை. ஏதோ ஒரு வரியில் செலவாக ஏறியிருக்கும். அது எந்த வரி என்று கண்டுபிடித்துவிட்டால், அழிக்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இனி வருவதில் பெரும்பகுதி ஆண்ட்ராய்டு டேப்களைப் பற்றியது. ஐபேட்காரர்களுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதி உண்டு.

நிரம்பியது எது?

‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்ற செய்தி இரண்டு இடங்களிலிருந்து வரும். ஒன்று டேப்பிலிருந்து. இன்னொன்று உங்கள் கூகுள் கணக்கிலிருந்து. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாமே இந்த 15 ஜிபிக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. இந்தக் கணக்கு நிரம்பினால் மெயில் வராது, படம் பேக்கப் ஆகாது. டேப்பின் உள்ளே இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாதாமாதம் பணம் கட்டி 100 ஜிபி வாங்கியும் டேப்பில் இடம் கூடவில்லையே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கூடாது. வாங்கியது கூகுளின் கிடங்கில்.

டேப்தான் என்று உறுதியானால் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியைத் திறங்கள். சாம்சங் டேப்களில் இது ‘டிவைஸ் கேர்’ (பழைய பதிப்புகளில் ‘பேட்டரி அண்ட் டிவைஸ் கேர்’) என்பதற்குள் ஒளிந்திருக்கும். அங்கே வரும் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப், படங்கள், வீடியோ, ஆடியோ, டாக்குமெண்ட், குப்பைத்தொட்டி, சிஸ்டம், கடைசியாகக் காலி இடம். தேதியும் நேரமும் பக்கத்தில் இருக்கட்டும். சோம்பலாக இருக்கும், ஆனால் இது இல்லாமல் மேலே போனால் இருட்டில் துழாவுவதுதான்.

சிஸ்டம் என்னும் மீதிக் கணக்கு

இந்தப் பட்டியலில் எல்லோரும் திட்டுவது ‘சிஸ்டம்’ வரியைத்தான். 64 ஜிபி டேப்பில் சிஸ்டமே 20 ஜிபியா, நிறுவனம் ஏமாற்றுகிறது என்பார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கோபம் வேறு பக்கம் திரும்பும்.

ஆண்ட்ராய்டு மற்ற வரிகளை அளக்கிறது. சிஸ்டத்தை அப்படி அளப்பதில்லை. மொத்தம் செலவான இடத்திலிருந்து ஆப், படம், வீடியோ முதலான தெரிந்த வரிகளைக் கழித்து, மிஞ்சியதைச் சிஸ்டத்தின் தலையில் எழுதிவிடுகிறது. வீட்டு வரவு செலவு நோட்டில் கணக்கு ஒட்டாத தொகையை ‘இதர செலவு’ என்று எழுதி மூடுவோமே, அதே வேலை. ஆகவே சிஸ்டம் வரி வீங்கியிருந்தால், ஆண்ட்ராய்டு கொழுத்துவிட்டது என்று பொருளில்லை. வேறு வரியில் சேர்க்கத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதி. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் கம்ப்யூட்டர் இன்னும் 1024-இன் மடங்குகளில்தான் எண்ணுகிறது. அதனால் 64 ஜிபி மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் 59 சொச்சம் என்று காட்டும். கார்டில் எதுவும் குறையவில்லை, அளவுகோல்தான் வேறு. டேப்பையே கேபிளில் இணைத்தால் மொத்த அளவு இன்னும் குறைவாகத் தெரியும். ஆண்ட்ராய்டு தனக்கென்று பிரித்து வைத்த பகுதியைக் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. ஒரு எண்ணைக் கம்ப்யூட்டரிலும் இன்னொன்றை டேப்பிலும் பார்த்துக் கழித்து, அத்தனை ஜிபி தொலைந்துவிட்டது என்று பதறுவது வீண். இரண்டு முறையும் ஒரே திரையில் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 64 ஜிபி டேப். ஆப் 14, படம் 3, வீடியோ 4, டாக்குமெண்ட் ஒன்றரை, குப்பைத்தொட்டி 2. கூட்டினால் 24.5 ஜிபி. காலி இடம் 6. அப்படியானால் செலவானது 58. சிஸ்டம் வரியில் 33.5 நிற்கும். அதே மாடலில் புதிய டேப் ஒன்றைத் தெரிந்தவர் வீட்டிலோ கடையின் டெமோ மேஜையிலோ பார்க்கிறீர்கள். அங்கே சிஸ்டம் 17. ஆக நீங்கள் தேட வேண்டியது 16.5 ஜிபி. இப்போது தேடுகிற பொருளுக்கு ஓர் எடை கிடைத்துவிட்டது. 200 எம்பி கேஷை (ஆப்கள் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்களை) அழித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்க மாட்டீர்கள்.

அந்தப் பதினாறரையில் பெரும் பங்கு எங்கே இருக்கக்கூடும் என்றால், பல வீடுகளில் விடை இன்னொரு ‘யூசர்’. ஆண்ட்ராய்டு டேப்களில் 2012-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே ஒரே கருவியில் பல பேர் தனித்தனி கணக்கு வைத்துக்கொள்ள முடியும். பையனின் ஆன்லைன் வகுப்புக்கென்று ஒரு யூசரைத் திறந்து கொடுத்திருப்பீர்கள். வகுப்பு முடிந்துவிட்டது, யூசர் முடியவில்லை. அவன் அதில் யூடியூப் வீடியோக்களை இறக்கி வைத்திருப்பான், விளையாட்டின் மேப்களைச் சேர்த்திருப்பான். உங்கள் கணக்கில் நுழைந்து எத்தனை ஃபைல் மேனேஜரைத் திறந்தாலும் அவனுடைய ஃபைல்கள் தெரியாது. தெரியக் கூடாது என்பதே அந்த வசதியின் நோக்கம். சில டேப்களில் ஸ்டோரேஜ் பக்கத்தின் அடியில் ‘பிற பயனர்கள்’ என்று தனி வரி வரும். எல்லா நிறுவனங்களும் அப்படிக் காட்டுவதில்லை. அந்த யூசருக்குள் நுழைந்து, அங்கிருந்து ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே நம்பகமான வழி. சாம்சங்கின் ‘செக்யூர் ஃபோல்டர்’, ஒரே மெசேஜ் ஆப்பை இரண்டாக்கித் தரும் வசதி, அலுவலகம் போட்டுத் தரும் ‘ஒர்க் புரொஃபைல்’ ஆகிய மூன்றும் உள்ளே இதே ஏற்பாட்டில் இயங்குபவை. அவற்றையும் திறந்து பாருங்கள்.

யூசரை நீக்கினால் அதிலுள்ள எல்லாமே போய்விடும். நீக்கும் முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

அடுத்த பங்கு, சிஸ்டம் அப்டேட். புதிய பதிப்பு சத்தமில்லாமல் இறங்கி, ‘நிறுவவா?’ என்று கேட்டபடி காத்திருக்கும். பெரிய அப்டேட் என்றால் 2, 3 ஜிபி ஆகும். ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே வந்தால் அந்த இடம் அடைபட்டே கிடக்கும். நிறுவிவிடுங்கள். நிறுவி ரீஸ்டார்ட் ஆன உடனே இடம் திரும்பாமல் போகலாம். பின்னணியில் கொஞ்ச நேரம் வேலை நடக்கும். சார்ஜரில் போட்டு ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு ஜிபிக்கு விளக்கம் கிடைக்காமலே போகலாம். விட்டுவிடுங்கள். ஆப்களை வேகமாக ஓட்டுவதற்காக ஆண்ட்ராய்டு தயாரித்து வைக்கும் ஃபைல்கள், பிழைப் பதிவுகள் என்று நியாயமான செலவுகள் அதற்கும் உண்டு.

ரீஸ்டார்ட், பிறகு வைஃபை சோதனை

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். இந்த விஷயத்தில் அதற்கு உருப்படியான காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இயங்குவது லினக்ஸ். ஒரு ஆப் ஏதேனும் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது அந்த ஃபைல் அழிக்கப்பட்டால், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், இடம் மட்டும் திரும்பாது. அந்த ஆப் முழுதாக மூடும்வரை இடம் அதன் பிடியிலேயே இருக்கும். டேப்பை நாம் மாதக்கணக்கில் அணைப்பதில்லை. கவரை மூடி வைத்துவிடுகிறோம். அப்படிப்பட்ட டேப்பில் ரீஸ்டார்ட் மட்டுமே கணிசமான இடத்தை மீட்டுத் தரலாம். ரீஸ்டார்ட்டுக்கு முன்னும் பின்னும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதுவும் செய்யாமலே நாளுக்கு நாள் குறைகிறது என்றால் ஓர் எளிய சோதனை உண்டு. இரவு படுக்கும் முன் காலி இடத்தைக் குறித்துக்கொண்டு, வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். காலையில் எண் அப்படியே இருந்தால், இடத்தைத் தின்றது இணையத்திலிருந்து இறங்கும் ஏதோ ஒன்று. தானாக இறங்கும் மெசேஜ் வீடியோக்கள், ஆப் அப்டேட்கள், யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் ‘ஸ்மார்ட் டவுன்லோட்’ என்ற பெயரில் நம்மைக் கேட்காமலே இறக்கி வைப்பவை, இவற்றில் ஒன்றாக இருக்கும். இணையம் இல்லாமலும் குறைந்தால் ஆள் உள்ளேயே இருக்கிறான்: நிறுத்த மறந்த ஸ்கிரீன் ரெக்கார்டிங், இரவுதோறும் பேக்கப் எடுக்கும் ஆப், கோளாறாகிப் பதிவுகளை எழுதிக்கொண்டே போகும் ஆப். சந்தேக வட்டம் ஒரே ராத்திரியில் பாதியாகக் குறைந்துவிடும்.

வாட்ஸ்அப்பும் டெலிகிராமும்

நம் ஊர் டேப்களில் முக்கால்வாசி வழக்குகள் இந்த இரண்டில்தான் முடியும். ஆனால் இரண்டும் ஒளித்துவைக்கும் விதம் வேறு வேறு. அதனால் தேடும் இடமும் வேறு.

வாட்ஸ்அப் இறக்கும் படமும் வீடியோவும் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து வாட்ஸ்அப் வரியைப் பார்த்தால் எண் சாதுவாக இருக்கும். ஆயிரக்கணக்கான குட் மார்னிங் படங்கள் பெரும்பாலும் படங்கள், வீடியோ வரிகளில் போய் உட்கார்ந்திருக்கும். இதோடு, நீங்கள் பிறருக்கு அனுப்பியவற்றின் நகல்கள் ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் தனியாகச் சேரும். கேலரியில் காட்டாதே என்ற குறிப்போடு அவை வைக்கப்படுவதால் கண்ணிலேயே படாது. டேப்பில் எடுத்த ஒரு வீடியோவை அனுப்பினால், மூலம் ஒன்று, சுருக்கிய நகல் ஒன்று என்று இரண்டு இருக்கும். வாட்ஸ்அப் முழுதாக டேப்பிலேயே இருந்தால் ‘டேட்டாபேஸஸ்’ ஃபோல்டரையும் பாருங்கள். கடைசி ஏழு நாள் பேக்கப் அங்கே கிடக்கும். பழைய அரட்டை அதிகமுள்ளவர்களுக்கு ஒவ்வொன்றும் கனமாகவே இருக்கும். தேதியைப் பார்த்து, கடைசியாக எடுத்த ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம்.

நீக்குவதற்கு வாட்ஸ்அப்பின் உள்ளேயே வழி இருக்கிறது. அதன் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, பிறகு ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு பக்கம், பலமுறை ஃபார்வேர்ட் ஆனவை ஒரு பக்கம், கீழே எந்தக் குரூப் எவ்வளவு தின்றது என்ற வரிசை. குடும்பக் குரூப் முதலிடத்தில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கூடவே தானாக இறங்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே அத்தியாயத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

டெலிகிராம் இதற்கு நேர் எதிர். ஒரு சேனலில் படம் ஓடுகிறது, இறக்கவில்லை, பார்க்கத்தான் செய்தோம் என்று நினைக்கிறோம். பார்த்த பகுதியெல்லாம் டெலிகிராமின் கேஷில் ஃபைலாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை ஜிபி படத்தை முழுதாகப் பார்த்தால் ஒன்றரை ஜிபி போயிற்று. அது போய்ச் சேரும் இடம், ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து இந்த ‘டேட்டா’ ஃபோல்டருக்குள் மற்ற ஆப்கள் நுழைய முடியாதபடி கூகுள் கதவை மூடிவிட்டது. பாதுகாப்புக்கு நல்ல முடிவுதான். ஆனால் சாதாரண ஃபைல் மேனேஜரில் தேடுகிறவர்களுக்கு அங்கே காலியாகத் தெரியும், அல்லது அனுமதியில்லை என்று வரும். செட்டிங்ஸின் ஆப் பட்டியலை அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தால் டெலிகிராம் மேலே வந்து நிற்கும்.

இதற்கு டெலிகிராமின் செட்டிங்ஸில் ‘டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்’, ‘ஸ்டோரேஜ் யூசேஜ்’ போய்க் கேஷை அழிக்கலாம். சாதாரண அரட்டையில் வந்தவை டெலிகிராமின் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அனுப்பியவர் அல்லது சேனல் நடத்துபவர் நீக்கியிருந்தால் மட்டும் கிடைக்காது. அதே பக்கத்தில் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், கேஷ் அதிகபட்சம் எத்தனை ஜிபி வரை போகலாம் என்றும் கட்டலாம். ‘எப்போதும்’ என்றிருப்பதை ஒரு வாரமாக மாற்றுங்கள்.

இங்கே ஒரு கவனம். செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்புக்கும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘கிளியர் கேஷ்’ அழிப்பது தற்காலிகக் குப்பையை, பயமில்லை. ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ அந்த ஆப்பையே புதிதாய்ப் பிறந்ததுபோல் ஆக்கிவிடும். லாகின் போகும், அரட்டை போகும், விளையாட்டில் கடந்த லெவல் போகும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி வடிவமைத்தவர் யாரோ, அவரிடம் ஒரு நாள் கேட்க வேண்டும்.

அழித்தும் அழியாதவை

படத்தை அழித்தேன், இடம் கூடவில்லையே என்றால் அது குப்பைத்தொட்டியில் இருக்கிறது. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள், ஆகாத படம் 30 நாள் குப்பையில் கிடக்கும். சாம்சங் கேலரிக்கு ஒரு தொட்டி, அதன் ‘மை ஃபைல்ஸ்’ ஆப்புக்கு இன்னொரு தொட்டி, இரண்டும் 30 நாள். ஒவ்வொன்றையும் தனித்தனியே காலி செய்ய வேண்டும்.

கூகுள் போட்டோஸில் அழிக்கும்போது இன்னொரு ஆபத்து. சாதாரணமாக ‘டெலீட்’ கொடுத்தால் டேப்பிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும், அதே கணக்கு உள்ள போனிலும் போகும். டேப்பில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேக்கப் ஆகிவிட்ட படங்களின் டேப் நகலை மட்டும் அது நீக்கும்.

பழைய டேப் என்றால் ஃபைல் மேனேஜரில் முதலில் தெரியும் ஃபோல்டர்களை ஒரு முறை திறந்து பாருங்கள். 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஷேர்இட், ஸெண்டர், யூசி பிரவுசர் மூன்றும் இருந்தன. ஆப்பை அன்றே நீக்கியவர்கள் பலருடைய டேப்பில், அவற்றின் வழியே வந்த படங்கள் அந்தப் பெயரிலான ஃபோல்டர்களில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு முந்தையதும் என்றால் ‘டிசிஐஎம்’ ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ‘தம்ப்நெய்ல்ஸ்’ ஃபோல்டரையும் பார்க்கலாம். கேலரியின் குட்டிப் படங்களைச் சேர்க்கும் ஒற்றை ஃபைல் அங்கே சில சமயம் ஜிபி கணக்கில் வளர்ந்திருக்கும். அழித்தால் நஷ்டமில்லை, கேலரி மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

மெமரி கார்டு போட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆண்ட்ராய்டு 6 முதல் சில டேப்களில் கார்டை உள் ஸ்டோரேஜோடு இணைத்துவிடும் வசதி உண்டு. சாம்சங் இதைத் தருவதில்லை. அப்படி இணைத்த கார்டைக் கழற்றினாலோ அது பழுதானாலோ ஒரே நொடியில் இடமும் ஆப்களும் காணாமல் போகும். மிக மலிவாகக் கிடைத்த 512 ஜிபி கார்டு, சில ஜிபிக்குப் பிறகு ஃபைல்களைக் கெடுக்கிறது என்றால் அது போலிக் கார்டாக இருக்கலாம்: உள்ளே 16 அல்லது 32 ஜிபி வைத்து, வெளியே பெரிய எண்ணைச் சொல்லும்படி மாற்றியது. கம்ப்யூட்டரில் எஃப்3 போன்ற இலவசக் கருவி கார்டின் காலி இடம் முழுவதிலும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். போலிக் கார்டென்றால் எழுதும்போது பழையது அழியலாம், ஆகவே முதலில் காப்பி எடுங்கள்.

ஐபேடில்

ஆப்பிள் ‘அதர்’ என்று காட்டிவந்த வரியை 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் ‘சிஸ்டம் டேட்டா’ ஆக்கியது. பெயர் மாறினாலும் அதுவும் பெரும்பாலும் கேஷும் பதிவுகளும் சேரும் கலவைதான். நேரடியாக அழிக்கப் பொத்தான் கிடையாது. ரீஸ்டார்ட் செய்யுங்கள், சஃபாரியின் ஹிஸ்டரியையும் இணையதளத் தரவையும் நீக்குங்கள், காத்திருக்கும் அப்டேட்டை முடியுங்கள். பிறகு கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஃபைண்டரிலோ ஐட்யூன்ஸிலோ கொஞ்ச நேரம் விடுங்கள். எண் சில சமயம் அங்கேயே சரியாகிவிடும். போட்டோஸ் ஆப்பின் ‘ரீசண்ட்லி டெலீட்டட்’ ஆல்பத்தையும், ஃபைல்ஸ் ஆப்பில் அதே பெயரில் உள்ள தனித் தொட்டியையும் காலி செய்ய மறக்காதீர்கள். அதிகம் தொடாத ஆப்களுக்கு ‘ஆஃப்லோட்’ நல்ல வசதி: ஆப் போகும், அதன் தரவு இருக்கும்.

கிளீனர் வேண்டாம்

ஆண்ட்ராய்டில் இடம் குறைந்தால் சிஸ்டமே கேஷ்களைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். கிளீனர் ஆப்கள் அந்த வேலையையே விளம்பரத்தோடு செய்கின்றன, தங்களுக்கென்று இடமும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு காலத்தில் கோடிக்கணக்கானோர் வைத்திருந்த ‘கிளீன் மாஸ்டர்’கூட மேலே சொன்ன 59-இல் ஒன்று. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு மற்ற ஆப்களின் ‘டேட்டா’ ஃபோல்டரே அவற்றுக்கும் மூடியிருப்பதால், உண்மையான சுமையை அவற்றால் எட்டவும் முடியாது. கருவி ஒன்று வேண்டுமென்றால் கூகுளின் ‘ஃபைல்ஸ்’ போதும். பெரிய ஃபைல், இரட்டை ஃபைல் இரண்டையும் காட்டும், அழிப்பதை உங்களிடம் விட்டுவிடும்.

காலி இடம் சுமார் 500 எம்பிக்கு இறங்கும்வரை ஆண்ட்ராய்டு எச்சரிக்காமல் இருக்கலாம். அதுவரை காத்திருக்காதீர்கள். மலிவு டேப்கள் நிரம்ப நிரம்ப மந்தமாகும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள்.

எல்லாம் பார்த்தும் சிஸ்டம் வரி இறங்கவில்லை, நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் ஃபேக்டரி ரீசெட் மிச்சம். அதற்கு முன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வேறொரு கருவியில் லாகின் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தெரியாமல் ரீசெட் செய்து, டேப் பழைய கணக்கைக் கேட்டு நின்றுவிட்டால் உள்ளே நுழைவது பெரும்பாடு. கேலரி, டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் மூன்றையும் கம்ப்யூட்டருக்கோ பென்டிரைவுக்கோ காப்பி எடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பின் தேதியைப் பாருங்கள். ரீசெட் முடிந்ததும் பழைய ஆப்கள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரவா என்று டேப் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலில் சிஸ்டம் அப்டேட்டை முடித்து, ஸ்டோரேஜ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ஆப்களை நாலைந்தாக நிறுவி, இரண்டு நாள் விட்டு அடுத்த நாலைந்து. இடத்தைத் தின்றது எது என்பது எந்தத் தவணைக்குப் பிறகு எண் தாவுகிறது என்பதில் தெரிந்துவிடும்.